கட்டணம் கட்டும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள்: பள்ளித் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது பெற்றோர் முதலில் விசாரிப்பது தேர்ச்சி விகிதத்தைத்தான். நூற்றுக்கு நூறு என்று வாசலில் எழுதியிருந்தால் மனம் பாதி அங்கேயே சாய்ந்துவிடுகிறது. நான் பார்த்தவரை மிக அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். சேர்க்கும்போதே தேர்வு வைத்து வடிகட்டி, பெற்றோரை நேர்காணல் செய்து, கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் பள்ளி ஒருபுறம். வாசலுக்கு வரும் எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப முடியாத அரசுப் பள்ளி மறுபுறம். இரண்டின் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தப் பள்ளி நன்றாகக் கற்பிக்கிறது என்பது தெரியவே தெரியாது. எந்தப் பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்பதுதான் தெரியும்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் பியான்டா, ஆர்யா அன்சாரி இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 1,097 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 15 வயது வரை தொடர்ந்து கவனித்த தரவுகளைக் கொண்டது. தனியார் பள்ளியில் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஆனால் குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த முன்னணி ஏறக்குறைய முழுவதும் கரைந்துபோனது. பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா தேர்வின் 2018ஆம் ஆண்டு முடிவுகளும் இதே பக்கம்தான் கை காட்டின. வசதி வாய்ப்பின் வேறுபாட்டைக் கழித்தபின், வாசிப்பில் ஓஈசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியில் அரசுப் பள்ளி மாணவர்கள் பின்தங்கவில்லை, முந்தினார்கள்.

எனவே அரசுப் பள்ளியே போதும் என்று உடனே முடிவு கட்டுவதும் அவசரம்தான். ஆந்திரத்தில் 180 கிராமங்களில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் நடத்திய ஆய்வில், குலுக்கல் முறையில் சில குழந்தைகளுக்குத் தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. குலுக்கல் என்பதால், நல்ல வீட்டுப் பிள்ளை என்ற குழப்பம் இதில் இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தனியார் பள்ளிகள் அந்தப் பாடங்களுக்குக் குறைந்த நேரமே ஒதுக்கி, மிச்ச நேரத்தில் இந்தி போன்றவற்றைக் கற்பித்திருந்தன. இந்தியில் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். ஒரு மாணவருக்கு ஆன செலவும் அரசுப் பள்ளியைவிட மிகக் குறைவு. ஆக, தனியார் நல்லதா, அரசு நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காது. எந்தப் பாடத்தில், எந்தப் பள்ளியில், என்ன செலவில் என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தவறு கணக்கில் நடக்கிறது. முதல் வகுப்புக் கட்டணத்தைப் பார்த்து, 12 வருடம்தானே, சமாளித்துவிடலாம் என்று 12ஆல் பெருக்குகிறோம். கட்டணம் ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்ந்தால் 12 ஆண்டுகளுக்கான மொத்தத் தொகை முதல் ஆண்டுக் கட்டணத்தைப் போல 12 மடங்கு அல்ல, 21 மடங்குக்கும் மேல். கடைசி ஆண்டில் மட்டும் முதல் ஆண்டைப் போல ஏறத்தாழ 2.85 மடங்கு கட்ட வேண்டியிருக்கும். வீட்டு வருமானமும் அதே வேகத்தில் உயருமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாகனம், சீருடை, புத்தகம், சுற்றுலா ஆகியவற்றோடு, இவ்வளவு கட்டியும் தனியாக வைக்க வேண்டிவரும் டியூஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குழந்தை இருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன் வாங்கும் நிலை வந்தால், அந்தப் பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். கல்லூரிக்கு வைத்திருக்க வேண்டிய பணத்தை ஆரம்ப வகுப்பிலேயே கரைத்துவிட்டு, பிறகு பிள்ளை விரும்பிய படிப்புக்கு இல்லை என்று சொல்ல நேர்வது பெரிய வேதனை.

கட்டடத்தைப் பார்த்து மயங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பள்ளிக்குப் போனால் நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் மூன்றைக் காட்டும்படி கேளுங்கள். சில இடங்களில் மூன்றும் அச்சு எடுத்ததுபோல் ஒன்றாக இருக்கும். அதே வரி, அதே படிகள், அதே இடத்தில் அடிக்கோடு. பக்கத்தின் குறுக்கே ஒரு நீண்ட சிவப்பு டிக், கீழே தேதி. பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதிய நோட்டு அது; பிள்ளைக்குக் கணக்கு தெரியுமா என்பதற்கு அதில் சான்று கிடையாது. வேறு சில நோட்டுகளில் ஒரு குழந்தை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கும். ஆசிரியர் அதை அடித்துவிடாமல், "2இலிருந்து 7 போகுமா?" என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருப்பார். அதன் கீழே குழந்தை மறுபடி போட்டு 25 என்று கண்டுபிடித்திருக்கும். இப்படி ஒரு நோட்டைப் பார்த்தால், அந்தப் பள்ளியின் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வகை நோட்டுகளும் இரண்டு வகைப் பள்ளிகளிலும் இருக்கின்றன.

வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் பள்ளி தரும் சராசரியை வைத்து நம்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை உட்காரப் போகும் அறையில் எண்ணுங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய பரிசோதனையில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பில் படித்த சிறுவர்கள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் படித்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். சில அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அதைவிடக் குறைவாகவே பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும் கட்டணம் வாங்கும் அறையில் 45 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சம்பளம் போதாமல் ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும் பள்ளியில், பிள்ளையை அறிந்த ஆசிரியர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. பணம் கட்டியாயிற்று, இனி பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்கிவிடுவது. கட்டணத்துக்காகக் கூடுதல் வேலை எடுத்துக்கொண்டு, குழந்தை தூங்கிய பிறகு வீடு திரும்பும் அப்பாக்களை அறிவேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மாலையில் அரை மணி நேரம் அருகில் உட்கார்ந்து, "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்கும் ஒருவர் போனதையும் கட்டணத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

தனியார் பள்ளிக்குச் செலவிடுவதே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கணக்குக்கோ அறிவியலுக்கோ ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடக்கலாம். வாசிப்பதில் சிரமம் உள்ள குழந்தைக்கு, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒரு தனியார் பள்ளியில் இருக்கலாம். அடி, மிரட்டல் என்று பிள்ளை அஞ்சி நடுங்கலாம். அப்போது கொள்கைக்காகவோ சிக்கனத்துக்காகவோ பிடிவாதம் பிடிப்பதும் தவறுதான். காரணம் மட்டும் திட்டவட்டமாக இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் சேர்த்துவிட்டார்கள் என்பது காரணமாகாது.

எதில் சேர்த்தாலும் ஆண்டு முடிவில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். பிள்ளை தன் வயதுக்கேற்ற ஒரு புதுப் பக்கத்தைத் தானே வாசித்துப் பொருள் சொல்கிறதா, தெரியாததைத் தெரியவில்லை என்று வகுப்பில் கேட்கத் துணிகிறதா, காலையில் கிளம்பும்போது முகம் எப்படி இருக்கிறது. இவை சரியில்லை என்றால், இதுவரை கட்டியது வீணாகிவிடுமே என்று அடுத்த ஆண்டுக்கும் கட்ட வேண்டாம்.