பாமினியிலிருந்து மாற்றிய பக்கங்களை அடுக்கிச் சேர்வரில் ஏற்றும் முறை

யாழ்ப்பாணத்து ஊர்த் தளங்கள், கோயில் தளங்கள், பழைய மாணவர் சங்கத் தளங்கள் எனப் பாமினி எழுத்துருவில் கட்டியவை இன்னும் கிடக்கின்றன. அவற்றை யுனிகோட் என்ற பொது எழுத்து முறைக்கு மாற்றித் தர 'மாற்றி' எனப்படும் கருவிகள் உண்டு. ஆனால் மாற்றி தந்ததை அப்படியே ஏற்றினால், பார்க்கச் சரியாகத் தெரியும் பக்கம் தேடலில் அகப்படாது.

முதலில் பழைய தளம் முழுவதையும் இறக்கி, 'மூலம்' என்றொரு கோப்புறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள். மாற்றியவை இன்னொரு கோப்புறையில், பிழை திருத்தி ஏற்றத் தயாரானவை மூன்றாவதில். மாற்றிய பக்கத்தைத் தவறுதலாக மறுபடி மாற்றியில் கொடுத்தால் அதிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் கந்தலாகும். அப்போது மூலம் ஒன்றே கைகொடுக்கும்.

பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. அதனால் எச்டிஎம்எல் மூலத்தை முழுதாக மாற்றியில் போடக்கூடாது. குறிச்சொற்களும் சேர்ந்து மாறிவிடும். இதில் இன்னொரு பொறி: பாமினியில் 'ஈ' இருப்பது 'சிறியது' குறியில், காற்புள்ளி இருப்பது 'பெரியது' குறியில். எச்டிஎம்எல் இவ்விரண்டையும் ஆம்பர்சேண்டில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் குறிகளாக எழுதி வைத்திருக்கும். மாற்றி அவற்றையும் எழுத்தாக எடுத்து 'ரூடவ்', 'ரூபவ்' என்று துப்பும். 'ஈழநாடு' 'ரூடவ்ழநாடு' ஆவது இப்படித்தான். பக்கத்தை உலாவியில் திறந்து, தெரியும் எழுத்தை மட்டும் நகலெடுத்து மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

அதிகம் கவனிக்கவேண்டியது ரகரம். பாமினியில் ர், ரி, ரீ மூன்றையும் கால் போட்டுத்தான் தட்டுவார்கள். நல்ல மாற்றி இதைப் பிரித்தறியும். மற்றவை காலுக்கு மேல் புள்ளி வைத்து 'நல்லூா்' என்று தரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் 'நல்லூர்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் வராது. முன்னால் கொம்பிருந்தால் இன்னும் மோசம்: பெரிய 'பொிய' ஆகும், சாவகச்சேரி 'சாவகச்சோி' ஆகும், பேர் 'போ்' ஆகும். நோட்பேட் பிளஸ் பிளஸில் 'கோப்புகளில் தேடு' வசதியைத் திறந்து, முழுக் கோப்புறைக்கும் இவ்வாறு மாற்றுங்கள்:

ா் → ர், ாி → ரி, ாீ → ரீ
ொ் → ெர், ொி → ெரி, ொீ → ெரீ
ோ் → ேர், ோி → ேரி, ோீ → ேரீ

தமிழில் ஓரெழுத்துக்கு இரண்டு உயிர்க்குறி வராது என்பதால் இதைப் பயமின்றிச் செய்யலாம். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமுமாக 'கெளரி', 'மெளனம்' என்று வந்திருப்பவற்றை இப்படி ஒரேயடியாக மாற்றப் போகாதீர்கள். வெள்ளவத்தை 'வௌ்ளவத்தை' ஆகிவிடும், தெளிவு 'தௌிவு' ஆகிவிடும். சொல் சொல்லாகப் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, பழைய எழுத்துருக் குறிச்சொற்களை நீக்குங்கள். பாமினி என்று பெயர் சொல்லும் வரி மிஞ்சியிருந்தால், யுனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதே பந்தியிலுள்ள ஆங்கிலம் மட்டும் பாமினி போட்ட கணினிகளில் குழம்பும். நம்மூர் அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி இருப்பதால் முறைப்பாடு முதலில் அங்கிருந்துதான் வரும்.

சேமிக்கும்போது யுடிஎஃப்-8, பொம் (கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் குறி) இல்லாதது என்று தேர்ந்தெடுங்கள். பொம் இருந்தால் பிஎச்பி பக்கங்கள் 'ஹெடர் ஏற்கெனவே அனுப்பப்பட்டது' என்று முறையிடும். பழைய நோட்பேட்டில் 'ஆன்சி' என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும், மீட்க முடியாது. பக்கத்தின் தலையில், எழுத்துகள் எந்த முறையில் உள்ளன என்று உலாவிக்குச் சொல்லும் சார்செட் வரி யுடிஎஃப்-8 என்று இருக்கவேண்டும், அதுவும் முதல் 1024 பைட்டுக்குள்.

கோப்புப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி, சிறுகோடு போட்டு இருக்கட்டும். தமிழில் பெயர் வைக்கத் தடையில்லை. ஆனால் 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல் முகவரியில் 99 குறிகளாக நீளும், வைபரில் அனுப்பினால் பார்க்கச் சகிக்காது. விண்டோஸுக்குச் சிறியதும் பெரியதும் ஒன்று, லினக்ஸ் சேர்வருக்கு வேறு. வீட்டுக் கணினியில் தெரிந்த படம் ஏற்றியபின் காணாமற்போனால், கமரா தந்த பெரிய எழுத்து 'ஜேபிஜி'யைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். இணைப்புகளில் 'சி' டிரைவ் பாதை, பின்சாய்கோடு எதுவும் மிஞ்சாமல் தேடிக் களையுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் பழைய முகவரியைச் சேமித்து வைத்திருப்பார்கள். ஆகவே ஏற்கெனவே இருந்த பக்கங்களின் பெயரை மாற்றாமல் விடுவதே நல்லது. மாற்றத்தான் வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திசைமாற்றம் போடுங்கள்.

சேர்வரில் ஏற்றுவதற்குப் பைல்சில்லா என்ற மென்பொருள் போதும். எஸ்எஃப்டிபி, போர்ட் 22. சாதாரண எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும், வேண்டாம். கோப்புகள் போகவேண்டிய இடம் பெரும்பாலும் பப்ளிக்_எச்டிஎம்எல். முதலில் படங்களும் சிஎஸ்எஸ்ஸும், பிறகு பக்கங்கள், இன்டெக்ஸ் கடைசியில். இடையில் இணைப்பு அறுந்தாலும் வருபவர் பழைய முகப்பையே பார்ப்பார். கோப்பு அனுமதி 644, கோப்புறை 755. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் ஒவ்வொன்றாக அனுப்பினால் பொழுது போய்விடும். ஒரே சிப் (zip) கோப்பாகக் கட்டி ஏற்றி, சேர்வரை நிர்வகிக்கும் சிபேனலின் கோப்பு மேலாளரில் விரியுங்கள். பைல்சில்லாவில் அனுப்பினால் 'தோல்வியுற்றவை' பட்டியல் வெறுமையாகும்வரை திரும்ப அனுப்புங்கள்.

பாமினி இல்லாத கைபேசியில் திறந்து பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசையாக வந்தால், கோப்பில் பிழையில்லை. சேர்வர் வேறு சார்செட் சொல்லி அனுப்புகிறது. டொட் எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பில் ஆட்-டிஃபோல்ட்-சார்செட் (AddDefaultCharset) வரியை யுடிஎஃப்-8 ஆக்கினால் தீரும். கணினியில் பழைய பக்கமே வந்துகொண்டிருந்தால் கன்ட்ரோல்-எஃப்5 அழுத்துங்கள். விரித்து முடிந்த சிப்பை பப்ளிக்_எச்டிஎம்எல்லில் விட்டுவைக்காமல் அழித்துவிடுங்கள், பெயர் தெரிந்த எவரும் அதை இறக்கிக்கொள்ளலாம்.