வரிச் செய்தியை நம்பி வண்டி எடுக்காதீங்க

"மாமா, திருப்பூர்ல லோடு குவிஞ்சு கெடக்குதுங்க. ஒரு டிரெய்லர் எடுத்துப்போடலாம்னு இருக்கறனுங்க."

2025 ஜூலையில் அக்கா மகன் போனில் இப்படிச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்டத்தட்ட இதே வார்த்தையைத்தான் 2017-ல் நான் பைனான்ஸ்காரரிடம் சொன்னேன்.

சங்ககிரிப் பக்கம் ஊர். 20 வருடத்துக்கு மேல் திருப்பூர்–தூத்துக்குடி லைனில் கண்டெய்னர் ஓடுகிறது. எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) தேதி, இன்சூரன்ஸ், ஓவர்லோடு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை ஆர்டிஓ காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். இறக்குமதி வரி ஏறுது, இறங்குது என்று பேப்பரில் வரும்போது புதுசாக வண்டி ஓட்டுகிறவர்கள் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன். எல்லாம் நான் செய்ததுதான்.

அவசர லோடை நிரந்தர லோடு என்று நினைப்பது

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ஏற்றுமதி பண்ணுகிறவர்களுக்கு அரசாங்கம் வரியைத் திருப்பிக் கொடுக்கிற டிராபேக், பழைய கணக்கில் செப்டம்பர் 30 வரைக்கும்தான் என்றார்கள். பருத்தி பின்னலாடைக்கு 7.7 சதவீதம் கிடைத்துக்கொண்டிருந்தது, அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். சரக்கு வைத்திருக்கிறவர் சும்மா இருப்பாரா? ராத்திரி பகலாகப் பேக்கிங் நடந்தது. புக்கிங் ஆபீஸ்காரர்கள் நம்மைத் தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கேட்ட வாடகை கிடைத்தது, அட்வான்ஸ் கையில் வந்தது. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, எட்டயபுரம் என்று வண்டி நிற்கவே இல்லை.

நான் ரெண்டு டிரெய்லர் எடுத்தேன். ஒரு வண்டிக்கு மாசம் 62,000 டியூ, 48 மாசம். கணக்குப் போட்டது அந்த செப்டம்பர் மாச வாடகையை வைத்து.

அக்டோபரில் தீபாவளி. டிரைவர்கள் ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்தார்கள். போன்தான் வரவில்லை. நானே கூப்பிட்டால், "சொல்றனுங்ணா, இருங்க" என்றார்கள் போன மாசம் டீ வாங்கிக் கொடுத்தவர்கள். அக்டோபர், நவம்பரில் போக வேண்டிய சரக்கும் செப்டம்பரிலேயே கப்பல் ஏறிவிட்டது என்பது எனக்கு உறைக்கவே ஒரு மாசம் ஆனது. விதைக்கடலையை வறுத்துத் தின்றுவிட்டு, இந்த வருசம் நல்ல வெள்ளாமை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா நகை அடகுக்குப் போனது. ஒரு வண்டியை 14-ஆவது மாசம் வந்த விலைக்குத் தள்ளினேன். இன்றைக்கும் அந்த நம்பர் வண்டி ரோட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

2025-ல் நடந்ததும் இதே கூத்துதான், ஆள்தான் வேறு. ஏப்ரல் 2-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 26 சதவீதம் என்றது. ஏப்ரல் 9-ல் 90 நாள் நிறுத்தி வைத்தது, அதுவரைக்கும் கூடுதல் வரி 10 சதவீதம்தான். அந்த இடைவெளிக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று திருப்பூரும் கரூரும் பறந்தன. மாப்பிள்ளை, அதான் அந்த அக்கா மகன், அதைப் பார்த்துத்தான் ஜூலை மூன்றாம் வாரம் வண்டியை இறக்கினான். ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம். ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25. மொத்தம் 50.

"27-ஆம் தேதி வரைக்கும் லோடு இருக்குங்க மாமா" என்றான். இருக்காது என்றேன். அந்த ரெண்டாவது 25 விழாமல் தப்பிக்க 27-க்கு முன்னால் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவில் பாதிதான். சரக்கு செப்டம்பர் 17-க்கு முன்னால் அமெரிக்காவில் இறக்குமதியாகியும் இருக்க வேண்டும். தூத்துக்குடியில் சின்னக் கப்பல் ஏறி, கொழும்பில் பெரிய கப்பல் மாறி, அங்கே போய்ச் சேர நாலு வாரத்துக்குக் குறையுமா? பேப்பரில் போடுவது கப்பலின் தேதி. நம்ம தேதி அதற்குப் பல நாள் முன்னாலேயே முடிந்துபோகும். அவனுக்கு 15-ஆம் தேதிக்கே போன் நின்றுவிட்டது.

அதோடு விட்டதா? செப்டம்பர் 22-ல் லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆக இறங்கியது. கம்பெனி வைத்து இன்புட் (கட்டின ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்கிறவர்களுக்கு அது பெரிதில்லை. இவனைப் போல ஒத்தை வண்டிக்காரனுக்கு இன்புட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரெண்டு மாசம் பொறுத்திருந்தால் சில லட்சம் மிச்சம். சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.

புது வண்டி எடுக்கத்தான் வேண்டும் என்றால், கெடு முடிந்த மூணாவது மாச வாடகையில் டியூ கட்ட முடியுமா என்று பாருங்கள். கெடுவுக்கு முந்தின மாசத்துக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள்.

கம்பெனிக்காரர் அழுகிறார் என்று வாடகையைக் குறைப்பது

அமெரிக்க வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அவர் இங்கே டிஸ்கவுண்ட் கேட்பார், இவர் நூல்காரரிடமும் சாயக்காரரிடமும் கேட்பார், கடைசியில் நம்மிடம் வருவார். "நீங்களும் கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

ஒரு 40 அடி கண்டெய்னரில் 40,000 பனியன் போகிறது என்று வையுங்கள். தூத்துக்குடிக்கு வாடகை 35,000 என்றால் பனியனுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. 200 ரூபாய் பனியனுக்கு அந்த 50 சதவீதத்தில் அங்கே விழுந்த கூடுதல் வரி 100 ரூபாய். நீங்கள் சும்மாவே ஓட்டினாலும் அந்த ஏற்றுமதியாளர் பிழைக்க மாட்டார். 5,000 குறைத்தால் அவருக்குப் பனியனுக்குப் பன்னிரண்டரைப் பைசா மிச்சம். நமக்கு எலியார்பத்தி, புதூர் பாண்டியாபுரம் டோலும் டிரைவர் பேட்டாவும் போச்சு. இறக்கின வாடகை திரும்ப ஏற எத்தனை வருசம் ஆகும் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள்.

ஆறு மாசக் கடனுக்கு ஓட்டுவது

டீசல் பங்கில் ஆறு மாசம் தவணை தருவார்களா என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஹால்டிங்கை (வண்டி காத்து நிற்கிற காசை) வாயால் பேசுவது

வரி மாறினால் வெளிநாட்டுக்காரர் ஆர்டரை ரத்துப் பண்ண மாட்டார், "நிறுத்தி வை" என்பார். ஏற்றின பெட்டியோடு நம்ம வண்டி மில் வாசலில் குடோனாக நிற்கும். 24 மணி நேரத்துக்கு மேல் நாளுக்கு எவ்வளவு என்று எல்.ஆரிலேயே (லாரி ரசீதிலேயே) எழுதி வாங்குங்கள். நாலு நாள் நின்ற காசை ஒருத்தரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போகிற லோடை மட்டும் பார்ப்பது

அமெரிக்கா கதவைச் சாத்தின அதே ஆகஸ்டில், 19-ஆம் தேதி, நம்ம அரசாங்கம் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். துறைமுகத்துக்குக் கீழே போகிற லோடு குறைந்தது, அங்கிருந்து மேலே வருகிற பஞ்சுக்கு வழி திறந்தது. மாப்பிள்ளைக்கு அந்தப் பஞ்சு லோடில்தான் ரெண்டு டியூ கட்ட முடிந்தது. மில்லுக்கும் துறைமுகத்தில் கிளியரிங் பார்க்கிறவருக்கும் நானே போன் போட்டுக் கொடுத்தேன். அதுவும் கெடு வைத்த லோடுதான், அதை நம்பி இன்னொரு வண்டி எடுத்துவிடாதே என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வரி என்றால் அமெரிக்கா மட்டும்தான் என்று நினைப்பது

நம்ம நாடு போடுகிற வரி வண்டியின் அடியிலேயே இருக்கிறது. சீனா ரேடியல் டயர் சல்லிசாகக் கிடைத்த காலம் ஒன்று உண்டு. 2017 செப்டம்பரில் அதற்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்கு இறக்குவதைத் தடுக்கப் போடுவது) விழுந்தது. ஆமாம், நான் ரெண்டு டிரெய்லர் எடுத்த அதே மாசம். இறக்குமதி இயற்கை ரப்பருக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. 2025 ஏப்ரலில் தகடு இரும்புக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தது. வாடகை பேசும்போது இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நானும் ரொம்ப நாள் எடுத்ததில்லை. அந்த இரும்பு வரி வந்த சமயம் நாமக்கல்லில் பாடி கட்டுகிற தம்பியிடம் ஒரு பிளாட்பெட்டுக்கு விலை கேட்டேன். எழுதிக் கொடுத்த சீட்டின் அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டான்.

"ஒரு வாரத்துக்குத்தானுங்ணா இந்த வெல. அப்பறம் வந்து எங்கிட்டச் சண்டைக்கு நிக்காதீங்க."