வீசிங் உள்ள பிள்ளை பள்ளியில்: பெற்றோரும் ஆசிரியரும் செய்யும் தவறுகள்

ஜூன் மாதம் படிவத்தில் 'ஆஸ்துமா உண்டு' என்று எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அந்தத் தாள் அலுவலக பீரோவுக்குள் போய்விடும். பிள்ளைக்கு மூச்சு இரைக்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது பி.டி. மாஸ்டரோ வேன் ஆயாவோதான். என்ன அறிகுறிக்கு எந்த மருந்து, இன்ஹேலரில் எத்தனை பஃப் (ஒரு தடவை அழுத்துவது ஒரு பஃப்), எப்போது 108 என்று மருத்துவரிடம் ஒரே பக்கத்தில், முடிந்தால் தமிழில், எழுதி வாங்கி இவர்கள் எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

இன்ஹேலரைப் பூட்டி வைப்பது இன்னொரு வம்பு. சாவி தலைமையாசிரியரிடம், அவரோ மீட்டிங்கில்! விவரம் தெரிந்த பிள்ளை பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளைக்கு டீச்சர் கைக்கெட்டும் இடம் போதும்.

சிலர் வீட்டில் காலையும் இரவும் தரும் ஸ்டீராய்டு இன்ஹேலரை மட்டும் கொடுத்தனுப்புகிறார்கள். அது இரைப்பு வராமல் தடுக்க. திடீர் இரைப்புக்குப் பெரும்பாலும் எழுதித் தருவது சால்பியூட்டமால். எதற்கு எது என்று மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாயான ஸ்பேசரையும் மறக்காமல் வையுங்கள். அது இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். குலுக்கிவிட்டு ஒரு பஃப், நாலைந்து மூச்சு, மறுபடி குலுக்கி அடுத்த பஃப். எல்லா பஃப்பையும் ஒன்றாக அடித்துவிடக் கூடாது.

ஆபத்தானது என்று நான் நினைப்பது வேறு. இரைக்கும் பிள்ளையைப் படுக்க வைப்பார்கள், அல்லது 'ஆபீஸ் ரூமுக்குப் போ' என்று தனியாக அனுப்புவார்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, கூடவே ஒருவர் இருக்க வேண்டும். பேச முடியாமல் திணறினாலோ, விலா இடுக்கு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108. அது வரும்வரை எழுதித் தந்தபடி பஃப் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை சோர்ந்துபோய் விசில் சத்தம் மட்டும் நின்றால், சரியாகிவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். காற்றே போகாவிட்டாலும் சத்தம் நிற்கும்.

அப்புறம், விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்கார வைப்பது தேவையே இல்லை. நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் ஓடலாம். ஓடினால் இரைக்கும் பிள்ளைக்கு, கால் மணி நேரம் முன்பே பஃப் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கரும்பலகையைத் துடைக்கும் வேலையை மட்டும் வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம்.