பெரிய படம் ஏற மறுக்கிறதா? எண்களைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

சொந்த சர்வரில் போட்டோ கேலரி நடத்துபவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. போனில் எடுத்த படம் ஒழுங்காக ஏறும். கேமரா படத்தைக் கொடுத்தால் பாதியில் நிற்கும். உடனே பிஎச்பி.ஐஎன்ஐ (பல கேலரிகள் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் அமைப்பு ஃபைல்) ஃபைலைத் திறந்து, கண்ணில் படும் வரம்பையெல்லாம் 512 எம்பி ஆக்கிவிடுவார்கள். சில நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால், எது காரணம் என்று தெரியாமல் மாற்றியதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

படம் எங்கே நின்றது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 413 (அனுப்பியது அளவு மீறியது) என்று பிழை வந்தால், பெரும்பாலும் படம் பிஎச்பி வரைக்கும் போகவே இல்லை. பிஎச்பிக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. அதன் எரர் லாகில் (பிழைப் பதிவு ஃபைலில்) 'க்ளையன்ட் இன்டென்டட் டு சென்ட் டூ லார்ஜ் பாடி' என்ற வரி இருந்தால் 'க்ளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' அளவைக் கூட்டினால் போதும். அந்த வரி இல்லாமலே 413 வந்தால் சர்வருக்கு முன்னால் கிளவுட்ஃப்ளேர் (தளத்துக்கு வரும் போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் சேவை) நிற்கிறதா என்று பாருங்கள். அதன் இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பிதான். சர்வரில் என்ன மாற்றினாலும் அது நகராது.

பிழைச் செய்தியே இல்லாமல் 'நீங்கள் ஃபைல் எதையும் தேர்வு செய்யவில்லை' என்று கேலரி சொல்கிறதா? அது பிஎச்பியின் வேலை. ஒரு ஃபைலுக்கான வரம்பு 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' இயல்பாக 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கான வரம்பு 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' 8 எம்பி. முதலாவதை மட்டும் 50 ஆக்கிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது ரொம்பச் சாதாரணம். இரண்டாவது வரம்பு தாண்டினால் பிஎச்பி படிவத்தையே காலியாக்கித்தான் நிரலிடம் கொடுக்கும். நிரலும் பாவம், எதுவும் வரவில்லை என்றுதான் நினைக்கும்.

அந்த எண்ணை எழுதும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. 64எம் என்று எழுத வேண்டும். 64எம்பி என்று எழுதினால், கடைசி எழுத்து புரியாமல் அதை வெறும் 64 பைட்டாக எடுத்துக்கொள்ளும். 8.2 பதிப்பிலிருந்துதான் இதற்கு எச்சரிக்கை வருகிறது; பழைய பதிப்புகளில் சத்தமே இருக்காது.

சரியாக எழுதியும் மாறவில்லையா? திருத்தியது வேறு ஃபைலாக இருக்கலாம். டெபியன், உபுண்டு ஆகிய இரண்டு லினக்ஸ் வகைகளிலும் கமாண்ட் லைனுக்கு ஒரு பிஎச்பி.ஐஎன்ஐ, எஃப்பிஎம்முக்கு (தளத்துக்காக பிஎச்பியை ஓட்டும் சேவை) இன்னொன்று. டெர்மினலில் கேட்டால் முதலாவதைக் காட்டும், தளம் இரண்டாவதைப் படிக்கும். நடப்பு அமைப்புகளையெல்லாம் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தை பிரவுசரில் திறந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி. பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். அப்புறம் எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யவும் மறக்க வேண்டாம்.

படம் முழுதாக ஏறிவிடுகிறது, ஆனால் சிறுபடம் வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம்தான் தெரிகிறது என்றால் கதையே வேறு. இங்கே எம்பியைப் பார்ப்பதே தவறு. பிக்சலைப் பார்க்க வேண்டும். 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000. ஜேபெக்காக அது 8 எம்பி இருக்கலாம். ஆனால் பிஎச்பி படங்களைக் கையாளப் பயன்படுத்தும் ஜிடி நூலகம் அதைச் சிறிதாக்க வேண்டுமானால் முதலில் முழுதாக விரிக்க வேண்டும்: 2.4 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஆக மொத்தம் 9.6 கோடி பைட். பிஎச்பியின் இயல்பான 128 எம்பி நினைவக வரம்பில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். நிமிர்ந்த படமாக இருந்து திருப்பவும் வேண்டியிருந்தால் இன்னொரு பிரதி. அங்கேயே மூச்சு முட்டும். லாகில் 134217728 என்ற எண்ணை (128 எம்பி, பைட் கணக்கில்) கண்டால் இதுதான். படத்தின் தரத்தை 60க்குக் குறைத்துச் சேமித்து மறுபடி முயல்பவர்கள் உண்டு. பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருப்பதால் அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிஎச்பியில் எழுதிய கேலரி நிரலான பிவிகோவில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அது பிரவுசரிலிருந்து படத்தை இயல்பாக 500 கேபி துண்டுகளாக அனுப்புகிறது. அதனால் மேலே சொன்ன ஏற்ற வரம்புகள் அங்கே பெரும்பாலும் குறுக்கே வராது; அவற்றைக் கூட்டிப் பார்த்தும் பயன் இருக்காது. இன்னொரு கேலரி நிரலான இம்மிச் அப்படியல்ல, முழு ஃபைலையும் ஒரே கோரிக்கையில் அனுப்பும்.

நினைவக வரம்பைக் கண்டபடி ஏற்றுவதும் ஆபத்துதான். 1 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) வரம்பையும் 1 ஜிபி ஆக்கி, நாலைந்து படங்களை ஒரே நேரத்தில் ஏற்றினால், லினக்ஸ் நினைவகத்தை மீட்க எதையாவது கொல்லும். பல நேரம் சாவது டேட்டாபேஸ். அதற்குப் பதில், படங்களைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக்கை வெளி நிரலாக ஓட விடலாம், பிஎச்பி வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்கும் பாலிசி.எக்ஸ்எம்எல் என்று தனி வரம்பு ஃபைல் உண்டு. நீளமான பனோரமா மட்டும் தோற்றால் அகல வரம்பு அதில்தான் இருக்கும்.

ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்ற பிழைக்கு 777 (யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி) கொடுக்காதீர்கள். படங்கள் சேரும் ஃபோல்டரை வெப் சர்வரின் பயனருக்கு உரிமையாக்குங்கள், போதும். ஏறும் படம் தற்காலிகமாகத் தங்கும் டெம்ப் ஃபோல்டர் நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

எது சிக்கல் என்று இன்னும் பிடிபடவில்லையா? இரண்டு சோதனைப் படங்கள் செய்யுங்கள். ஒன்று, 6000க்கு 4000 அளவில் வெறும் வெள்ளை ஜேபெக். சில நூறு கேபிதான் வரும். இன்னொன்று, இலை தழை நிறைந்த படத்தை 2000க்கு 1500 ஆக்கி பிஎன்ஜியாகச் சேமித்தது. சில எம்பி இருக்கும். வெள்ளைப் படம் தோற்று இலைப் படம் ஏறினால் சிக்கல் நினைவகத்தில். இலைப் படம் மட்டும் தோற்றால் ஏற்ற வரம்பில்.