கண் தெரியாதவர் கையில் போனைக் கொடுக்கும் முன்

இலங்கையின் கிழக்கே, களுவாஞ்சிக்குடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். "தம்பி, போன் தானாப் பேசுது, தொட்டா ஒண்டும் திறக்குதில்ல, வைரஸ் போல" என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால் எனக்கு உடனே விளங்கிவிடும். சத்தம் கூட்டுகிற பொத்தானையும் குறைக்கிற பொத்தானையும் யாரோ சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற டாக்பேக் ஓனாகிவிட்டது. மறுபடி இரண்டையும் மூன்று செக்கன் பிடித்தால் நின்றுவிடும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

சிலர் வைரஸ் என்று பயப்படுகிற அந்த டாக்பேக்தான் கண் தெரியாதவர் போன் பாவிப்பதற்கான முக்கிய சாமான். சாதாரண ஆண்ட்ராய்டு போன்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. "விசேஷ போன் ஏதும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், வீட்டில் கிடக்கிற போனையே எடுத்து வாருங்கள். புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், விரல் அடையாளம் பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கிற போனாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் இருக்கிற விரல் அடையாளத்தைத் தடவித் தேடுவது பெரிய வதை. கோடு இழுத்துத் திறக்கிற பூட்டும் வேண்டாம், இலக்கப் பூட்டு போதும்.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கொஞ்சமாவது பார்வை இருக்கிறதா? சீனி வருத்தத்தால் பார்வை மங்கிய பலருக்கு டாக்பேக் தேவைப்படாது. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்கி, எழுத்தின் கறுப்பைக் கூட்டி, மேக்னிஃபிகேஷனை ஓன் பண்ணுங்கள். வெள்ளைப் பின்னணி கூசினால் நிறத்தைத் தலைகீழாக்கலாம். மூன்று தரம் தட்டினால் அந்த இடம் பெரிதாகும். அந்த மூன்று தட்டை வைத்துக்கொண்டால் போன் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கணம் காத்திருக்கும். போன் ஸ்லோவாகிவிட்டது என்று பிறகு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

பார்வையே இல்லையென்றால் டாக்பேக்தான். ஆனால் அதை ஓன் பண்ணுவதற்கு முன் தமிழ்க் குரலை இறக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். குரல் இல்லாமல் ஓன் பண்ணினால் தமிழ் எழுத்து வருகிற இடத்தில் போன் ஊமையாகிவிடும், இல்லாவிட்டால் ஏதோ உளறும். செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்று தேடுங்கள். சாம்சங் போனில் சாம்சங்கின் சொந்தக் குரல் தெரிவாகியிருக்கும், அதைக் கூகுளுக்கு மாற்றுங்கள். பக்கத்தில் உள்ள சக்கர அடையாளத்தைத் தொட்டால் குரல் இறக்குகிற இடம் வரும். தமிழை இறக்கி, ஒருதரம் பேச வைத்துக் கேட்டுவிட்டு, வேகத்தைக் குறையுங்கள். வேகத்தைப் பழகினவர்கள் பிறகு தாங்களே கூட்டிக்கொள்வார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் வைத்திருக்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

போனின் மொழியையும் தமிழாக்குவதா? வயசானவர்களுக்கு ஆக்குங்கள். இளம் பிள்ளைகளுக்கு 'அமைப்புகள்' என்பதைவிட 'செட்டிங்ஸ்' பழக்கம், அவர்களுக்கு ஆங்கிலத்திலேயே விடலாம்.

அடுத்தது பெயர்கள். போன் புத்தகத்தில் எல்லாரையும் ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருப்போம். தமிழ்க் குரல் அதைக் கொலை செய்துவிடும். பெரியம்மா, ஆட்டோக்காரத் தம்பி, கிராம சேவகர் என்று தமிழில் மாற்றிப் பதியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அதில்தான் பாதிப் பயன் இருக்கிறது.

இனி விரல் பழக்கம். மருதமுனையில் முன்பு கைத்தறி நெய்த ஒரு காக்காவை (இங்கே முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம்) மகன் கூட்டி வந்தார். ஒரு தொடுகைக்கு வாசிக்கும், இரண்டு தட்டுக்குத் திறக்கும், வலப்பக்கம் வழித்தால் அடுத்ததற்குப் போகும், இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் நகரும் என்று சொல்லிக் கொடுத்தேன். காக்கா திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். "காக்கா, அழுத்த வேணாம். டக் டக். கதவத் தட்டுறமாதிரி." மகனுக்குப் பொறுமையில்லை. "வாப்பா, இஞ்ச தாங்க, நான் செய்றன்" என்று போனைப் பறிக்கப் பார்த்தார். அவரைப் பக்கத்துக் கடைக்கு ஒரு பிளேன்டீ குடிக்க அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வரும்போது காக்கா தானே அழைப்பெடுத்து மகளோடு பேசிக்கொண்டிருந்தார். வீட்டிலும் இதே பிரச்சினைதான். உதவி செய்கிற ஆள் போனைத் தன் கையில் எடுக்கக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

தட்டுவது பிடிபடாவிட்டால் விரலைக் குறை சொல்ல முதல் கண்ணாடியைப் பாருங்கள். மலிவான தடித்த டெம்பர்ட் கிளாஸும் காய்ந்த விரலும் சேர்ந்தால் தொடுகை பதியாது. கிளாஸைக் கழற்றிவிட்டு முயற்சியுங்கள்.

முதல் நாளில் மூன்று காரியம் போதும்: டாக்பேக்கை ஓன் ஓஃப் பண்ணுவது, வருகிற அழைப்பை எடுப்பது, வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புவது. புதிய போன்களில் இரண்டு விரலால் இரண்டு தரம் தட்டினால் அழைப்பு எடுபடும், அதே தட்டில் முடியும். எழுத்துத் தட்டச்சைப் பிறகு பார்க்கலாம். கீபோர்டில் மைக்கைத் தொட்டுப் பேசினால் போதும். அதன் மொழிப் பட்டியலில் 'தமிழ் (இலங்கை)' என்று தனியாகவே இருக்கிறது, அதைத் தெரிவு செய்யுங்கள். காது கேளாதவர் வீட்டில் இருந்தால் கூகுளின் லைவ் ட்ரான்ஸ்கிரைப்பும் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும். 2019இல் வந்த இலவச ஆப் அது. நம்முடைய பேச்சுத்தமிழில் அங்கங்கே தடுக்கும். நிதானமாகப் பேசினால் சமாளிக்கும்.

அச்சடித்த கடிதத்துக்கு, கமராவால் எழுத்தைப் பிடித்து வாசிக்கிற கூகுள் லென்ஸ். கடதாசியை மேசை ஓரத்தோடு சரிபார்த்து வையுங்கள், இரண்டு முழங்கையையும் அதன் இரு பக்கமும் ஊன்றுங்கள், போனை முகத்தின் உயரத்தில், கமரா கீழே கடதாசியைப் பார்க்கிற மாதிரிப் பிடியுங்கள். இந்த உயரத்தில் முழுப் பக்கமும் அநேகமாகப் படத்துக்குள் வந்துவிடும். லைட் பில்லில் கட்டங்கள் இருப்பதால் இலக்கங்கள் கலந்து வரும், கட்டுகிற தொகையை இன்னொருவரிடமும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் தருகிற மருந்துக் கவரில் கையெழுத்துத்தான், அதில் லென்ஸை நம்பவே வேண்டாம். மருந்து வீட்டுக்கு வந்தவுடன் காலைக் கவருக்கு ஒரு ரப்பர் வளையம், இரவுக் கவருக்கு இரண்டு போடுங்கள். மருந்து விஷயத்தில் ரப்பர் வளையத்தை மிஞ்சிய ஆப் ஒன்றை நான் காணவில்லை.

அலுவலகங்களில், பள்ளிக்கூடங்களில் வேலை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அனுப்பாதீர்கள். அதில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துத்தான். உங்கள் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது போனுக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றுதான் கேட்கும். யூனிகோடில் அடியுங்கள். பழைய கோப்பென்றால் இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் உடனே மாற்றித் தரும். அறிவித்தலைப் படமெடுத்துக் குழுவில் போடுகிறவர்கள், கீழே நாலு வரி எழுத்தாகவும் போட்டுவிடுங்கள்.

படிக்கிற பிள்ளைக்குக் கணினி வேண்டுமென்றால், கணினித் திரையை வாசித்துச் சொல்கிற என்விடிஏ என்ற மென்பொருள் இருக்கிறது. பார்வையற்ற அவுஸ்திரேலியர் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கி, பிறகு அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்தது. விண்டோஸில் இலவசம், தமிழும் வாசிக்கும். கண் தெரியாது என்ற காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்க முடியாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்த இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப்பிரம்பு, உதவிப் பணம் போன்றவற்றுக்கு உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதியும் கண் டொக்டரின் அறிக்கையும் கையில் இருக்கட்டும்.

கடைக்கு வருவதென்றால் சார்ஜ் ஏற்றிய போனோடும் கொஞ்சம் டேட்டாவோடும் வாருங்கள். கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்த பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பாஸ்வேர்ட் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.