கள்ளிக்குடி அருகே டீசல் லைனில் ஏர் எடுத்தது

விருதுநகர் தாண்டி, கள்ளிக்குடி வருமுன்பே டீசல் தீர்ந்து லாரி நின்றுவிட்டது. கேனில் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் இறங்கிவிட்டது.

தூத்துக்குடி உப்பு லோடோடு மதுரைக்குப் போன அண்ணன் ஒருவர், நான் கை காட்டாமலே ஓரங்கட்டினார். "செல்ஃப் அடிக்காத தம்பி, டீசல் லைன்ல காத்து புகுந்து ஏர் பிடிச்சிருக்கு." டீசல் ஃபில்டர் மேலிருக்கும், காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, என்னை டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை அடிக்கச் சொன்னார். முதலில் நுரை நுரையாக வந்தது. குமிழி நின்று டீசல் மட்டும் வழிந்ததும், நான் அடிக்க அடிக்கவே ஸ்க்ரூவை இறுக்கினார். அப்புறம் அவர் பேட்டரியிலிருந்து என் பேட்டரிக்குக் கேபிள் போட்டோம். பழைய வண்டி, உடனே பிடித்துக்கொண்டது.

காசு வாங்கவே இல்லை. திருமங்கலம் வரை என் பின்னாலேயே வந்தார், அங்கே ஒரு டீ மட்டும் குடித்தார். இப்போது என் கேபினிலும் ஒரு கேபிள் இருக்கிறது.