ரைஃபிள் கட்டை: உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

50 மீட்டர் .22 ரைஃபிள் போட்டியில், இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலம்தான். அதற்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் சிதற ஆரம்பித்தால், மரம் குழலைத் தொடுவதுதான் காரணம் என்று நினைத்து, பலரும் உடனே முன்கட்டையில் (குழலுக்கு அடியில் இருக்கும் மரப்பகுதி) குழல் உட்காரும் பள்ளத்தைத் தேய்த்து அகலமாக்கிவிடுகிறார்கள். தேய்த்த மரம் திரும்ப வராது. தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, போல்ட்டைக் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) கழற்றி வையுங்கள். குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டை விட்டுப் பின்பக்கமாக இழுங்கள். அது சிக்கும் இடத்தில் மரம் குழலைத் தொடுகிறது. மேசையில் வைத்துப் பார்த்து நிறுத்திவிடுவது பெரிய தவறு. படுத்துச் சுடும்போது ஸ்லிங்கை (துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வார்) இறுக்கினால் முன்கட்டை வளையும். மேசையில் தாராளமாக ஓடிய நோட்டு அப்போது நகராது. ஆகவே ஸ்லிங் மாட்டிப் படுத்துக்கொண்டு, இன்னொருவரை நோட்டை இழுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வாசல் கதவு பிடித்துக்கொள்கிற மாதிரி மரக்கட்டையும் ஊதும், அதனால் கோடையில் மட்டும் பார்த்தால் போதாது.

அடுத்தது, ஆக்‌ஷனை (குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் உலோகப் பகுதி) கட்டையோடு பிணைக்கும் ஸ்க்ரூ. கைப்பழக்கத்தில் முறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்தே முறுக்குங்கள். பிறகு முன்கட்டையின் நுனியும் குழலும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். குழல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால், ஆக்‌ஷன் தன் இருக்கையில் சமமாக உட்காராமல் ஸ்க்ரூவின் பலத்தில் வளைந்து நிற்கிறது. பள்ளத்தை எவ்வளவு தேய்த்தாலும் இந்தக் கோளாறு போகாது.

குழல் எதையும் தொடாமல் மிதந்தால்தான் நல்லது என்பதும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு நம்பர் 4-இல் முன்கட்டை நுனி, குழலை லேசாக மேலே தாங்கி அழுத்தும்படிதான் வடிவமைத்தார்கள். தெரியாமல் அந்த இடத்தைச் செதுக்கினால், நன்றாகச் சுட்ட பழைய துப்பாக்கியும் கெட்டுப்போகும்.

சரி, இருக்கைதான் கோளாறு என்றால் எபாக்ஸி (கெட்டியாக இறுகும் பசை) ஊற்றிப் புது இருக்கை அமைக்க வேண்டும். இந்தியாவில் துப்பாக்கி பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. உரிமம் உள்ளவரிடமே கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒட்டாமல் இருக்க எல்லா இடத்திலும் மெழுகு பூசுவீர்களா? ஸ்க்ரூ துளைக்குள் எபாக்ஸி இறங்கி இறுகிவிட்டால், ஆக்‌ஷனைக் கழற்றக் கட்டையையே உடைக்க வேண்டி வரும். பின்னுதைப்பைத் தாங்கும் லக் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துண்டு) இருக்கும் ரைஃபிள் என்றால், அதன் முன்புறமும் பக்கங்களும் அடியும் டேப் ஒட்டி, பின்முகம் மட்டும் இருக்கையில் படும்படி விடுவீர்களா?

அப்புறம், மூன்று குண்டு சுட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரே லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான) தோட்டாவில் ஐந்து ஐந்தாகப் பல தடவை சுட்டு, தாள்களைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். .22-இல் லாட் மாறினாலே குண்டு விழும் பரப்பு மாறிவிடும். அந்தப் பழி கட்டைமேல் விழக் கூடாது.